நாடகத் தமிழ் வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள்

நம் ஆலயங்களில் கந்த சஷ்டியும் பங்குனி உத்திரமும் வரும்போது வள்ளி திருமணம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நான் தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது ஒலிபெருக்கியில் வள்ளி திருமண நாடகத்தின் ஒலிநாடாவை இரவு முழுவதும் போடுவார்கள். தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் வந்துவிட்டால், வீட்டு வாசல்களில் பாய் விரித்துப் படுத்திருந்த பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுள் பலருக்கு அத்தர்க்கம் மனப்பாடம். இந்நாடகத்தை மேடைக்கு எழுதித் தந்தவர் யார் என்று அன்று நான் கேட்டதில்லை, சொல்வாரும் இல்லை. பிற்காலத்தில் படித்தும் பெரியோரிடம் கேட்டும் அறிந்துகொண்டவற்றை, அன்பர்கள் அறிய இம்மலரில் எழுதலானேன்.

அவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படுபவர். ஆயினும் அவர் நாடக உலகில் நுழைந்தது நடிகராகத்தான். ஊர் ஊராகச் சென்று, விடிய விடிய நடித்து, கண்டவர் நெஞ்சு நடுங்கும்படி வேடம் புனைந்த நடிகர் அவர். அத்தகையவர் நடிப்பை ஏன் துறந்தார், துறந்தபின் என்ன செய்தார் என்பதே அவருடைய வரலாற்றின் உயிர்நிலை.

சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரனார், தாயார் பேச்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் இராமாயணத்தில் நல்ல புலமையுடையவர். ஆதலால் தமிழ்க் கல்வியின் தொடக்கம் வீட்டிலேயே வாய்த்தது. சிறுவர் ஒன்பது வயதை எட்டிய வேளையில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தையே வாட்டிய தாது வருடப் பஞ்சம் வந்தது. விக்டோரியா மகாராணியார் இந்தியாவின் பேரரசி என்று 1877 ஆம் ஆண்டு பிறந்த நாளன்று டில்லியில் தர்பார் கூட்டி முழங்கப்பட்டதும் அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான். அப்பஞ்ச காலத்தில் கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மிடையே பலர் உண்டு.

மேற்கொண்டு தமிழ் பயில இளைஞர் சங்கரன் பழனிக்குச் சென்று தண்டபாணி சுவாமிகளை அடைந்தார். உடுமலை முத்துச்சாமிக் கவிராயர் அங்கே அவருடன் பயின்றவர். பிற்காலத்தில் அவரும் நாடகத்துக்குப் பாட்டெழுதிப் பெயர் பெற்றார். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் சங்கரனுக்குக் கைவந்துவிட்டன. ஆனால் யாப்பு சோறு போடாது. ஊர் திரும்பித் தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலையில் சில காலம் அமர்ந்தார். நாள் முழுதும் உப்பு மூட்டைக் கணக்கு, இரவில் செய்யுள். நம்மில் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்போருக்கு அந்த மனநிலை சிறிது விளங்கும்.

அக்காலத்து நாடக நிலையை ஒருவாறு சொல்லியாக வேண்டும். தெருக்கூத்து மூலைமுடுக்கெல்லாம் வழங்கிவந்தது. அதற்கு மேடை கிடையாது. தீவட்டி வெளிச்சத்தில் ஊர்ப் பொதுவிடத்தில் ஆடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டிய நாட்டு நாடகக் குழுவினரும் பம்பாய்ப் பார்சிக் குழுவினரும் தென்னாட்டுக்கு வந்து, கொட்டகை, தீட்டிய திரைச்சீலை, பக்கத் தட்டி, நுழைவுச் சீட்டு ஆகியவற்றை நம்மவர்க்குக் காட்டினர். தஞ்சையில் கோவிந்தசாமி ராவ் அம்முறையைப் பின்பற்றித் தமிழில் நாடகக் குழு அமைத்தார். நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் இங்குண்டு. அதே பார்சி நாடகம் 1880களில் பினாங்கிலும் நடந்தது. வாயாங் பார்சி என்று மலாய் மக்கள் அதனை அழைத்தனர். பங்சாவான் என்னும் மலாய் மேடை நாடகம் அதிலிருந்துதான் முளைத்தது. ஆக, தமிழ் மேடை நாடகமும் மலாய் மேடை நாடகமும் ஒரே விருந்தாளியைக் கண்டு விழித்தவை எனலாம்.

1891 ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், சங்கரதாஸ் உப்பளக் கணக்கை விட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். அதே 1891 ஆம் ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சபையினர் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். மாலையில் பொழுதுபோக்காக நடித்து இரவில் தத்தம் இல்லம் திரும்பினர். சங்கரதாஸ் சேர்ந்த வழி அத்தகையதன்று. அன்று தொழில்முறை நடிகனைக் கூத்தாடி என்று இகழ்ந்தனர். பெண் கொடுக்கவும் வீடு வாடகைக்கு விடவும் தயங்கினர். அத்தகைய நாளில், செய்யுள் இயற்றவல்ல புலவர் ஒருவர் விரும்பிச் சென்று அரிதாரம் பூசிக்கொண்டது சிறிய செயல் அன்று.

குழு ஓர் ஊரில் கீற்றுக் கொட்டகை அமைத்து, வசூல் குன்றும்வரை தங்கும். பின்னர்த் திரைகளையும் உடைப் பெட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் புறப்படும். 1870களில் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை இருப்புப்பாதை முடிந்துவிட்டமையால், பெரிய ஊர்களுக்கு இரயிலில் செல்லவும் வாய்ப்பிருந்தது. இரவு உணவுக்குப் பின் தொடங்கும் நாடகம் கோழி கூவும்போதுதான் முடியும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு எட்ட வேண்டுமானால், ஐந்து கட்டை சுருதியில் விடியும்வரை பாடியாக வேண்டும். குரல் போனால் பிழைப்பும் போயிற்று.

சங்கரதாஸுக்கு வாய்த்தவை கதாநாயக வேடங்கள் அல்ல. ஓங்கிய உருவமும் முழங்கும் குரலும் கொண்ட அவரிடம் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்களையே கொடுத்தனர். அவ்வேடங்களில் அவர் நடிக்கவில்லை, அதுவாகவே நின்றார் என்று கண்டவர்கள் கூறிச் சென்றுள்ளனர். கூட்டம் அதற்காகவே வந்தது.

இனி வருவது நாடக உலகினர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக் கயிற்றோடு ஆரவாரித்து மேடையில் தோன்றிய ஓரிரவில், அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்கு அச்சத்தால் கருச் சிதைந்ததாம். மற்றொரு முறை நளதமயந்தி நாடகம். சனீசுவர வேடம் என்பதால் மேனியெங்கும் கரிய பூச்சு. ஆட்டம் முடிந்து விடியுமுன் அவர் வேடத்தோடே நீர்த்துறைக்குச் சென்றார். அந்த இருளில் எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அவ்வுருவத்தைக் கண்டு அலறி வீழ்ந்து உயிர் நீத்தாள். ஏவல் விலக்கு எதுவுமின்றித் தம் தொழில் முடித்துக் குளிக்கச் சென்றவர்மீது குற்றம் என்ன இருக்கிறது? ஊராரும் அவர்மீது பழி கூறியதாகச் செய்தி இல்லை. ஆனால் அவருடைய உள்ளம் அதனை ஏற்கவில்லை. காண வந்தோரையும் காணாது வழிச்சென்றோரையும் தம் முகம் கொல்லுமாயின் அந்த முகம் மேடைக்கு வேண்டியதில்லை என்று முடிவுசெய்து, வேடம் கட்டுவதை அத்துடன் நிறுத்தினார்.

சிலர் இதனைக் கேட்டு, எத்துணைச் சிறந்த நடிகர் என்று வியந்து அப்பால் செல்வர். நான் அவ்வாறு செல்ல இயலாதவனாக இருக்கிறேன். ஒரு கலைஞன் தன் ஆற்றலின் உச்சியில் நின்று, அவ்வாற்றலால் பிறர்க்கு நேர்ந்த தீங்கைக் கண்டு அதைக் கீழே வைத்துவிடுவது எளிதா? வசூல் தருவது அந்த வேடம். ஊதியம் தருவது அந்த வேடம். கைதட்டல் அனைத்தும் அதற்கே.

நடிப்பைத் துறந்தவர் நாடகத்தைத் துறக்கவில்லை. ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நாடகக் குழுவில் ஆசிரியரை வாத்தியார் என்றே அழைப்பர். கதையைக் கோத்து, பாட்டும் வசனமும் எழுதி, மெட்டமைத்து, ஒவ்வொரு நடிகருக்கும் பாடம் சொல்லி ஒப்புவிக்கச் செய்து, மேடையேற்றுவதுவரை அவர் பொறுப்பு. அன்றைய நடிகர்களுக்கோ எழுத்துப் பாடத்தில் மதிப்பில்லை. பாட்டுகளை மட்டும் கற்றுக்கொண்டு, இடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவர். அரிச்சந்திரன் சுடுகாட்டில் நிற்கையில் உள்ளூர்ப் பண்ணையாரைப் புகழ்ந்து பேசிப் பரிசு பெறுவாரும் உண்டு. ஒருவர் பேச்சு நீண்டால் மற்றவர் போட்டிக்கு நீட்டுவார். கதை எங்கோ நிற்கும். இதற்கு மாற்றாகத் தம் நாடகங்களில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய வசனத்தையும் பாட்டையும் வரையறுத்து எழுதித் தந்தார் சுவாமிகள். இது மிகப்பெரிய சீர்திருத்தம்.

இடையில் ஒரு முறை அனைத்தையும் விட்டுவிட்டு அவர் முருகன் தலங்களை நாடித் தீர்த்த யாத்திரை புறப்பட்டதும் உண்டு. திருமணம் செய்துகொள்ளாத அவர் துறவுக் கோலம் பூண்டார். சுவாமிகள் என்னும் பெயர் அப்போது வந்து ஒட்டிக்கொண்டது. யாத்திரையின் இடையே புதுக்கோட்டையில், கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த லய மேதை மான்பூண்டியா பிள்ளையைக் கண்டார். பிள்ளையவர்கள் அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு உடன் வைத்துக்கொண்டார். திருப்புகழின் சந்த நுட்பங்களைத் தாள வல்லுநரிடமிருந்து கற்கும் பேறு அங்கே கிடைத்தது. மீண்டும் நாடகத்துக்குத் திரும்புமாறு அவரைத் தூண்டியவரும் பிள்ளையவர்களே. துறவி கூத்து மேடைக்குத் திரும்புவதா என்று எண்ணுவோர் அன்றும் இருந்திருப்பர். துறவுக் கோலத்தைக் களையாமலே அவர் திரும்பினார்.

அந்தப் பயிற்சியின் பயன் பாட்டுகளில் தெரிகிறது. காவடிச் சிந்தின் நடை, கும்மி, நொண்டிச் சிந்து, கருநாடக இராகங்கள், அன்று மக்கள் மயங்கிய இந்துஸ்தானி, பார்சி மெட்டுகள் ஆகிய எல்லாவற்றையும் கலந்தெடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு முறை கேட்டால் முணுமுணுக்கும்படி செய்தார். வசனங்களில் திருக்குறளையும் நாலடியாரையும் இழைத்தார். நாடகம் பார்க்க வந்த உழவரும் சுமை தூக்குவோரும் அவற்றை முதன்முதலில் அங்கேதான் கேட்டனர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், சதி சுலோசனா, இலவகுசா, சதி அனுசூயா, அபிமன்யு சுந்தரி, நல்லதங்காள் என அவர் எழுதியவை நாற்பதுக்கும் மேல். கையெழுத்துப் படிகளாகவே குழுவுக்குக் குழு கைமாறியமையால் பல அழிந்தன. நமக்குக் கிடைப்பவை ஒரு பகுதியே.

வேகம் அவருக்கு இயல்பு. அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமும் உட்பட ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை அவருடைய மாணவர் தி. க. சண்முகம் பதிவுசெய்துள்ளார். அடித்தல் திருத்தலின்றி எழுதுவது அவர் வழக்கம்.

எழுதித் தந்தாலும் வளர்ந்த நடிகர்கள் அடங்கவில்லை. பெயர் பெற்றவர்கள் ஒத்திகைக்கு வருவதில்லை. குடித்துவிட்டு மேடையேறுவோரும் இருந்தனர். முன்பணம் பெற்றுக்கொண்டு வேறு குழுவுக்கு ஓடுவோரும் இருந்தனர். மனம் சலித்த சுவாமிகள், சிறுவர்களைப் பயிற்றுவித்தாலன்றி நாடகம் உருப்படாது என்று துணிந்தார். 1910 ஆம் ஆண்டு சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். பின்னர் 1918 ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியபோது அதன் ஆசிரியரானார். செங்கோட்டை கிட்டப்பா, மதுரை மாரியப்ப சுவாமிகள், தி. க. சண்முகம் சகோதரர்கள் முதலியோர் சிறுவராய் அவர் கையில் பாடம் பயின்றவர்கள். சண்முகம் 1918 இல் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு.

பாய்ஸ் கம்பெனி என வழங்கிய இந்தச் சிறுவர் குழுக்களைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது முறையன்று. ஆறு வயதுப் பிள்ளை தாயைப் பிரிந்து, குழு வீட்டில் உண்டு உறங்கி, பகலில் பாடம் ஒப்புவித்து, இரவில் நடித்து வளர்ந்தான். பாடம் தவறினால் அடியும் உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் சில குழுக்களில் அவனை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. சுவாமிகளும் கண்டிப்பானவரே, கோபக்காரரும்கூட. ஆயினும் அப்பிள்ளைகள் முதியவரான பின்பும் அவரை நினைத்து உருகியதைக் காண்கிறோம். அவர்களுக்குத் தெளிவான தமிழ் உச்சரிப்பையும், இசையையும், நீதி நூல்களையும் அவர் ஊட்டியிருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு அதைத் தரக்கூடிய வேறு பள்ளி அன்று எங்கே இருந்தது? இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டியிருக்கிறது.

இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கிற்று. கை முடங்கியது, நாவும் பேச்சிழந்தது. ஒரே இரவில் நாடகம் எழுதிய கை அது. கொட்டகையை அதிரவைத்த குரல் அது. அந்நிலையிலும் அவர் குழுவைப் பிரியவில்லை. குழுவினரும் அவரை விடவில்லை. ஊர் ஊராகத் தங்களோடே அழைத்துச் சென்று பேணினர். தாம் எழுதிய சொற்களைத் தம் பிள்ளைகள் பேசுவதை வாய் பேசாதிருந்து கேட்கும் நிலை அவருக்கு வந்தது. குழு புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் திங்கட்கிழமை இரவு சுவாமிகள் மறைந்தார். வயது ஐம்பத்தைந்து. புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிறந்தது வெள்ளையர் ஒருவர் மண்ணில், அடங்கியது வெள்ளையர் மற்றொருவர் மண்ணில்.

அவர் மறைந்தபின் நடந்தவை அவர் எதிர்பார்த்தவையா என்பது ஐயமே. ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை தமிழகத்தில் பரவிற்று. நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோர் ஊர். திருவிழாவன்று மாலையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பர். ஒத்திகை இல்லை. ஆனாலும் அன்றிரவு வள்ளி திருமணம் தடையின்றி நடக்கும். எல்லாரும் கற்ற பாடம் சுவாமிகள் பாடம் என்பதே காரணம். இப்படித்தான் 1926 ஆம் ஆண்டு இலங்கையில் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒரே மேடையில் சந்தித்து, காண்போரைக் கிறங்கவைத்தனர். அவர்களுடைய இல்வாழ்க்கைக்கும் அதுவே தொடக்கமாயிற்று.

சுவாமிகளின் வழிவந்த மற்றொருவர் விசுவநாததாஸ். வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் காட்சியிலே, வெள்ளைக் கொக்குகளை விரட்டுவதுபோல் வெள்ளையராட்சியைச் சாடிப் பாடியவர் அவர். அதற்காகப் பன்முறை சிறை சென்றார். 1940 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் சென்னையில் முருகன் வேடத்தில், மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. வரையறுத்த பாடத்தில் நடிகர் கைவைப்பதைச் சுவாமிகள் விரும்பாதவர். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் அவர் பொறுத்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

சுவாமிகளின் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ளது. ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளை ஒட்டி நாடகக் கலைஞர்கள் குருபூசை நடத்துகின்றனர். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் உள்ள நடிகர் சங்கத்தார் அவர் படத்தை அலங்கரித்து ஊர்வலமாக எடுத்துச் செல்வதுண்டு. இராஜாவும் இராணியுமாய் நடிப்போர், பபூன், மிருதங்கக்காரர் எல்லாரும் அன்று வேடமின்றித் தம் சொந்த முகத்தோடு அவர்முன் வந்து பாடுகின்றனர்.